கரண்ட் இல்லாத நாளில் மூன்று பாட்டு

மில்லர்புரம் பகுதியில் நாளை காலை ஒன்பது மணி முதல் மதியம் இரண்டு மணி வரை மின்சாரம் இருக்காது என்று பேப்பரின் ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். படித்ததும் சமையலறையில் நின்றபடியே கையைத் தட்டிவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று விட்டுவிட்டேன். கரண்ட் போகப்போகிறது என்று கேட்டு இந்த ஊரில் குதித்த ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன். அந்த ஒரு துண்டுச் செய்திக்காகப் பதினோரு நாளாகப் பேப்பரை வரிவிடாமல் படித்துக்கொண்டிருந்தேன்.

நான் பாட்டு எழுதுகிறவள். பிழைப்பு அதில் இல்லை. பிழைப்புக்குத் துறைமுகச் சாலையில் ஒரு கிளியரிங் ஆபீஸ் இருக்கிறது. எந்தப் பெட்டியில் என்ன சரக்கு, அது எந்தக் கப்பலில் ஏறுகிறது என்று நாள் முழுக்க அங்கே டைப் அடிப்பேன். விரல் ஒன்றை அடிக்க மனதில் இன்னொரு வரி ஓடும். ஒருமுறை சரக்கின் பெயர் வரவேண்டிய கட்டத்தில் பாதிப் பல்லவியை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து மேனேஜர் கையெழுத்துக்கே அனுப்பிவிட்டேன். அவர் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, இது எந்தத் தேசத்துக்கும்மா போகுது என்று கேட்டார். நல்ல மனுஷன், அதோடு விட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் முதல்முறையாக ஒரு ஸ்டூடியோவுக்குள் போனேன். மில்லர்புரத்தில் ஒரு வீட்டு மாடி. அதை நடத்துகிற அண்ணாச்சிக்கு எப்போதும் வேலை இருக்கும். கடைத் திறப்பு விளம்பரம், அம்மன் கோயில் கொடை விழா அறிவிப்பு, மாதா பாட்டு, தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் ஒரே குரலில் ஓட்டுக் கேட்பது. தங்கமான ஆள். ஒரே குறை, பாட்டில் காலி இடம் இருந்தால் அவருக்குப் பொறுக்காது. நான் மூச்சு விட்ட இடத்தில் புல்லாங்குழல் வைத்தார். வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் வயலின் வைத்தார். பாட்டில் எங்குமே மழை இல்லை. அவர் மழையும் பெய்யவைத்தார். என் வீட்டுக்காரர் கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்க்கிறவர். அவருக்கு அனுப்பினேன். மியூசிக் பிரமாதம், பாடுறது யாரு என்று பதில் வந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அதனால் இந்த முறை கறாராகச் சொல்லிவிட்டேன். மூன்று பாட்டு, ஒரு கிடார், ஒரு குரல், வேறு எதுவும் கிடையாது, எதிரொலிகூட வேண்டாம். அண்ணாச்சி முகம் சுருங்கியது. பிறகு, அப்படியானால் கரண்ட் இல்லாத நாளில் வா என்றார். விளங்காமல் பார்த்தேன். கீழே மாவு மில், எதிரே வெல்டிங் பட்டறை, பக்கத்து வீட்டில் மோட்டார். கீபோர்டும் வயலினும் இருந்தால் அந்த இரைச்சலெல்லாம் அடியில் மறைந்துவிடும். வெறும் கிடாரை வைத்தால் மாவு மில்லும் சேர்ந்து பாடும். காயல்பட்டினத்திலிருந்து கருவி இல்லாமல் பைத்து என்கிற இஸ்லாமியப் புகழ்ப்பாட்டு பாட வருகிறவர்களுக்கும் அந்த நாளைத்தான் கொடுப்பாராம். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள், அந்த ஐந்து மணி நேரம் தெரு வாயை மூடும், லேப்டாப்பை இன்வெர்ட்டரில் ஓட்டிக்கொள்ளலாம் என்றார். அன்றிலிருந்துதான் நான் பேப்பர் படிக்க ஆரம்பித்தேன்.

கிடார் வாசிப்பது என் நாத்தனார். நாத்தனாரைப் பற்றி ஒருத்தி நல்லபடியாக எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் எழுதத்தான் போகிறேன். அவளுக்கு இருபத்தெட்டு வயது. ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. குத்துவதே தெரியாது என்று வருகிறவர்கள் அவளைக் கேட்டு வாங்கிக் குத்திக்கொண்டு போவார்கள். அண்ணியை எங்கள் பக்கம் மைனி என்போம். அவள் வாயில் அந்த வார்த்தை நாளைக்கு ஐம்பது தடவை வரும். அதில் நாற்பது என்னைக் கிண்டல் பண்ணுவதற்காக இருக்கும்.

நான் உடன்குடிப் பக்கம். எங்கள் வீட்டில் கருப்பட்டி வியாபாரம். என் வீட்டுக்காரர் திரேஸ்புரம், கடல் தொழில் குடும்பம், வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு சூட்கேஸோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். மாமியார் முன்கதவைச் சாத்திவிட்டார். வீட்டுக்காரரோ தன் அப்பாவைச் சமாதானப்படுத்தக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். நான் வாசலில் நிற்கிறேன், தெருவே என்னைப் பார்க்கிறது. அப்போது பக்கவாட்டுச் சந்திலிருந்து ஒரு தலை நீண்டது. பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, ரெட்டைச் சடை. பின்கதவு திறந்திருக்கு, சோறு ஆறுது, உள்ள வாங்க என்றது. பிறகு மாமியாரும் நானும் ஒட்டிக்கொண்டோம். இப்போது அவர் என்னை அடித்தாலும் நான் அந்த வீட்டைவிட்டுப் போகமாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்தக் கதவைத் திறந்தவள் அவள்தான்.

அவளுக்கு நல்ல குரல். எங்கள் வீட்டில் கோயில் என்றால் மாதா கோயில். அங்கே அவள் பாட ஆரம்பித்தால் கைக்குழந்தை அழுகையை நிறுத்தும் என்று மாமியார் சொல்லுவார். அது கொஞ்சம் கூடுதல். நானே பார்த்திருக்கிறேன், குழந்தைகள் அழுதுகொண்டேதான் இருந்தன. பெரியவர்கள்தான் பேச்சை நிறுத்தினார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் திருவிழாப் பூசையை நேரலையில் காட்டியபோது, தனியாகப் பாடிக்கொண்டிருந்தவளுக்கு உச்சியில் குரல் உடைந்துவிட்டது. ஒரே ஒரு நொடி. யாரோ அந்த ஒரு நொடியை மட்டும் வெட்டி எடுத்து, சிரிக்கிற பொம்மையை ஒட்டி, வாட்ஸ்அப்பில் விட்டார்கள். முதலில் வந்தது கோயில் பாட்டுக் குழுவின் குரூப்பில்தான். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சுற்றியது. நடுக்கடலில் இருந்த என் வீட்டுக்காரருக்கே ஒருவன் அனுப்பி, இது உன் தங்கச்சிதானே என்று கேட்டிருக்கிறான்.

அவள் அழவில்லை, யாரோடும் சண்டை போடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிடாரைத் தூக்கிக்கொண்டு பின்வரிசைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வாசிப்பு மட்டும்தான். பாட்டு என்று வாயைத் திறப்பதில்லை. பாத்திரம் கழுவும்போதுகூட ஒரு முணுமுணுப்பு கிடையாது. மூன்று வருஷமும் நான் காதைத் தீட்டிக்கொண்டு அந்த வீட்டில் அலைந்ததால் சொல்கிறேன்.

எனக்கு அந்தக் குரல் வேண்டும். மறைக்க ஒன்றும் இல்லை. மூன்று பாட்டில் கடைசிப் பாட்டை இரண்டு பேருக்காகத்தான் எழுதியிருந்தேன். ஒருத்தி கேட்க வேண்டும், இன்னொருத்தி பதில் சொல்ல வேண்டும்.

பூட்டின வாசல் முன்னால
பொட்டியோட நின்னேனே
பின்கதவு சத்தம் போட்டுது
யாரு, திறந்தது யாரு?

நான்தான், நான்தான், உள்ள வா
சோறு ஆறுது, உள்ள வா

வீட்டில் பழகும்போது கேள்வியையும் நானே பாடினேன், பதிலையும் நானே பாடினேன். அவள் தலையைக் குனிந்து கிடாரை வாசித்தாள். அது அவளைப் பற்றிய பாட்டு என்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? சுதி அரைக்கட்டை கூட வச்சா உங்களுக்கு நல்லா இருக்கும் மைனி என்றாள், அவ்வளவுதான். நானோ ஒரு திட்டம் போட்டேன். அண்ணாச்சிக்குப் போன் பண்ணி, கிடாருக்கு என்று வைக்கிற மைக்கைக் கொஞ்சம் உயரத்தில் வைக்கச் சொன்னேன். எவ்வளவு உயரம் என்றார். அவள் வாய் இருக்கிற உயரம் என்றேன். எம்மா, இது சரியா வருமா என்றார். அடுத்தவர்கள் வாழ்க்கையைச் சரிபண்ணுவதில் எனக்கு இருக்கிற அவசரம் எனக்கே தெரியும். வரும் அண்ணாச்சி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆபீஸுக்குப் பல்வலி என்று லீவு சொன்னேன். எட்டு மணிக்கு ஸ்கூட்டரில் கிளம்பினோம். மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று மண்ணை வாரி மூஞ்சியில் அடித்தது. பின்னால் அவள் கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காற்று கிடாரைப் பிடித்து இழுக்க, வண்டி இரண்டு தடவை எதிர்த் திசைக்கே போகப் பார்த்தது. மைனி, நீங்க பாடவேண்டாம், நாம உயிரோட போய்ச் சேர்ந்தாப் போதும் என்று காதில் கத்தினாள். நான் சிரித்ததில் வாய் முழுக்க மண். அன்றைக்கு எனக்கு எதைச் சொன்னாலும் சிரிப்பு வந்தது. பரீட்சை முடிந்த பிள்ளை மாதிரி இருந்தேன், பரீட்சை இனிமேல்தான் என்பது மறந்துபோய்.

ஸ்டூடியோ என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பத்துக்குப் பத்து அறை. சுவரில் பழைய மெத்தை, ஜன்னலில் கம்பளி. ஒரு லேப்டாப், அதோடு சேர்ந்த சின்னப் பெட்டி, இரண்டு மைக், மூன்று ஹெட்போன். லேப்டாப்பின் சொந்த பேட்டரி என்றைக்கோ செத்துவிட்டது, அதனால் எல்லாம் இன்வெர்ட்டரின் தயவில். இன்வெர்ட்டரும் கிழடு. தீரப்போகும்போது கூவும், கூவினால் மூன்று நிமிஷத்தில் எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும் என்று அண்ணாச்சி எச்சரித்தார். கரண்ட் போனபின் ஏசி கிடையாது, ஃபேன் கிடையாது. ஆளுக்கு ஒரு ஈரத்துண்டு கொடுத்தார்.

சரியாக ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. அதை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன். முதலில் ஃபேன் நின்றது. கீழே மாவு மில் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. பட்டறையில் கிரைண்டர் பாதி வெட்டில் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு மோட்டார் விக்கி ஓய்ந்தது. கடைசியில் எங்கோ ஒரு டிவி. அதுவும் போன பிறகு அறைக்குள் எங்கள் மூச்சு கேட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷமாக இந்தச் சத்தங்களுக்கு மேல் கத்தித்தான் பேசியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்தச் சந்தோஷம் ஐந்து நிமிஷம் நீடித்தது. கரண்ட் போனால் மெஷின்கள் அடங்கும், சரி. ஆனால் மனுஷர்கள் வெளியே வருவார்கள், அதை யாரும் யோசிக்கவில்லை. புழுக்கம் தாங்காமல் தெருவில் இருக்கிற பெண்கள் எல்லாரும் வாசலில் விசிறியோடு வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். முதல் பாட்டின் முதல் சரணத்தில் ஒரு சம்பந்திச் சண்டை முழுசாகப் பதிவானது. அண்ணாச்சி கீழே இறங்கிப் போய்க் கையைக் கும்பிட்டார். சரி, கிசுகிசுன்னு பேசிக்கிடுதோம் என்று ஒப்புக்கொண்டார்களாம். அப்படியே செய்தார்கள். பாதிப் பாட்டில் குப்பை வண்டி தன் பாட்டைப் போட்டுக்கொண்டு வந்தபோது, நாங்கள் போகும் முன்னாலேயே அந்தப் பெண்களே வண்டிக்காரரை அதட்டி நிறுத்திவிட்டார்கள். அதற்குள் தெருவுக்கே இது தங்கள் வீட்டு ரெக்கார்டிங் ஆகிவிட்டிருந்தது.

முதல் பாட்டு என் ஆபீஸைப் பற்றியது. ஊரு ஊராப் போகுது பெட்டி, உட்கார்ந்த இடத்துல நான் என்று ஆரம்பிக்கும். ஆறாவது தடவையில் சரியாக வந்தது. ஹெட்போனில் என் குரலை நான் கேட்டேன். மழை இல்லை, வயலின் இல்லை. இரண்டு வார்த்தைக்கு நடுவில் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. கூச்சமாக இருந்தது. இரண்டாம் தடவை கேட்டபோது கூச்சம் போய், ஏய், இது நான்தான் என்று ஒரு குஷி கிளம்பியது. அண்ணாச்சி வழக்கம்போல ஒரு சின்னப் புல்லாங்குழலாவது என்று ஆரம்பித்தார். நாத்தனார் அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

இரண்டாவது பாட்டு கச்சான் காற்றில் ஸ்கூட்டர் ஓட்டுவது. அது விளையாட்டுப் பாட்டு. அவள் கிடாரின் வயிற்றில் விரலால் தட்டித் தட்டி வாசித்தாள். வியர்வையில் விரல் வழுக்க, தந்தி சுதி இறங்க, ஒவ்வொரு தடவையும் நிறுத்தி முறுக்கினாள். நான்காவது தடவையில் அந்தப் பாட்டு ஒரு பிசிறும் இல்லாமல் ஓடியது. முடிந்ததும் நான் எழுந்து நின்று குதித்தேன். தரை அதிர்கிறது, மைக்கில் விழுகிறது, உட்காரும்மா என்று அண்ணாச்சி கெஞ்சினார். தெருவிலிருந்து யாரோ, அது நல்லாருக்கே என்றார்கள்.

மணி பன்னிரண்டரை. மூன்றாவது பாட்டு.

எனக்கு வாய் வறண்டுவிட்டது. தண்ணீர் குடித்தும் பயனில்லை. அவள் சாதாரணமாகத்தான் இருந்தாள். மைக் தன் முகத்துக்கு நேரே நிற்பதைப் பார்த்தாள். அண்ணாச்சி விரலை அசைக்க, அவள் ஆரம்பித்தாள். முதல் சரணத்தில் கேள்வியும் நானே, பதிலும் நானே. அவள் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து வாசித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது சரணத்தில் கேள்வி வந்தது. யாரு, திறந்தது யாரு என்று பாடி முடித்தேன். அடுத்த வரி எனக்கு வரவில்லை. அந்தச் சந்து, அந்த ரெட்டைச் சடை, எல்லாம் முன்னால் வந்து நின்றது. இனி வராது, நிறுத்திவிடுங்கள் என்று அண்ணாச்சிக்குக் காட்டுவதற்காகக் கையை உயர்த்தினேன்.

அந்த நேரம் பார்த்து அவள் கண்ணைத் திறந்தாள்.

பூசையில் பதிலுரைப் பாடல் என்று ஒன்று உண்டு. முன்னால் நிற்கிறவர் தன் வரியைப் பாடி முடித்துவிட்டுக் கையை உயர்த்துவார். கை உயர்ந்தால் கோயிலில் இருக்கிற எல்லாரும் பல்லவியைப் பாட வேண்டும். பிறந்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் அவள் பார்த்த கை அது. பாட்டுக் குழுவில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கையைப் பார்த்தபின் யோசிக்க நேரம் கிடையாது. நான் நிறுத்தச் சொல்லி உயர்த்திய கையைப் பார்த்து அவள் பாடிவிட்டாள்.

நான்தான், நான்தான், உள்ள வா. சோறு ஆறுது, உள்ள வா.

மூன்று வருஷமாகப் பூட்டிக்கிடந்த குரல் என்று யாரும் சொல்லமுடியாது. சுத்தமாக, நேராக, ஒரு நடுக்கம் இல்லாமல் வந்தது. உயர்த்திய கையை இறக்க எனக்குத் தோன்றவில்லை. அண்ணாச்சி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அவள் அந்த இரண்டு வரியையும் முடித்து, அதன்பிறகுதான் தன் குரலைத் தானே கேட்டாள். கிடார் நின்றது. முகம் வெளுத்துவிட்டது.

நான் என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகம் இல்லை. உளறியிருப்பேன். அவளைக் கட்டிக்கொள்ளப் போய் மைக் ஸ்டாண்டைத் தட்டிவிட்டேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அண்ணாச்சி மகளைக் கட்டிக்கொடுத்த நாளில்கூட இப்படிச் சிரித்திருக்கமாட்டார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஹெட்போனை வாங்கி ஒருதரம் கேட்டாள். முழுவதும் கேட்டாள். பிறகு கழற்றிவிட்டு, அதை அழித்துவிடுங்கள் என்றாள்.

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பேசினோம். இதைவிட நன்றாக யாராலும் பாட முடியாது என்றேன். அழிப்பது பாவம் என்று அண்ணாச்சி சொன்னார். அவள் பொறுமையாகக் காத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"அது நான் பாடலை மைனி. என் வாய் பாடிட்டு. நான் பாடுனா, நான்தான் பாடுதேன்னு தெரிஞ்சு பாடணும்."

சொல்லிவிட்டுத் தந்தியைத் துடைக்கத் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் அண்ணாச்சி என்னைப் பார்த்தார். ஒரு காப்பி எடுத்து வேறு இடத்தில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கண்ணாலேயே கேட்டார். நான் தலையை ஆட்டினேன். வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் ஆட்டினேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஆட்டினேன். அந்தக் குரல் அவ்வளவு ஆசையாக இருந்தது. அவர் கை மவுஸுக்குப் போனது. அவளோ எங்களை நம்பி, முதுகைக் காட்டிக்கொண்டு, துண்டால் தந்தியை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நொடியை வெட்டி எடுத்தவனும் அவளைக் கேட்கவில்லை. நானும் கேட்காமல் எடுத்துக்கொள்ளத்தான் பார்க்கிறேன். சிரிக்கிற பொம்மைக்குப் பதிலாகப் பாராட்டை ஒட்டப்போகிறேன், வித்தியாசம் அவ்வளவுதான்.

அழித்துவிடுங்கள் அண்ணாச்சி என்று சத்தமாகச் சொன்னேன். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழியுங்கள், அவளைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு அழியுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஆனாலும் அழித்தார். திரையில் அந்தப் பாட்டின் அலைக்கோடு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மிச்சத்தையும் கொட்டிவிட்டேன். மைக்கை உயரத்தில் வைக்கச் சொன்னதும் நான்தான், உன்னைப் பாடவைக்கத்தான் இந்தப் பாட்டையே எழுதினேன், மன்னிச்சுக்கிடு என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கிடாருக்கு வைக்கிற மைக் வாய் உயரத்திலா இருக்கும், உள்ளே வந்ததுமே தெரியும் என்றாள். பிறகு ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்டேன். கிடாரை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். மைக்கை அவளே ஒரு விரலால் இன்னும் கொஞ்சம் தன் பக்கம் திருப்பினாள்.

"கேள்வியை மெதுவாக் கேளுங்க மைனி. நான் மூச்சு எடுக்கணும்லா."

ஐயோ, அந்த நிமிஷம் எனக்கு இருந்த பரபரப்பை எப்படிச் சொல்ல. பாட்டு மொத்தமும் மறந்துபோய்த் திரும்ப வந்தது. அண்ணாச்சி இன்வெர்ட்டரைப் பார்த்துவிட்டு, ஒரு தடவைதான் தாங்கும் என்று சைகை காட்டினார். இந்தத் தடவை அவள் கண்ணை மூடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். முதல் கேள்வியை மெதுவாகக் கேட்டேன். கையை உயர்த்தவில்லை, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். அவள் மூச்சு எடுத்தது எனக்குக் கேட்டது. நான்தான் என்று பாடினாள். அழித்த குரலைவிட இது சின்னது. கொஞ்சம் நடுங்கியது. வேண்டுமென்று பாடுகிற குரல் அப்படித்தான் இருக்கும் போல.

இரண்டாவது சரணத்தில், கடைசித் தடவை அந்தப் பதில் வருகிற இடத்தில், மேலே ஏறும்போது அவள் குரல் உடைந்தது. அன்றைக்குக் கோயிலில் உடைந்த மாதிரியே. எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. நிறுத்திவிடுவாள், கிடாரை வைத்துவிடுவாள், இனி என்றைக்கும் பாடமாட்டாள் என்று ஒரே நொடியில் எல்லாவற்றையும் நினைத்தேன். அவள் கண் என்னை விட்டுப் போகவில்லை. கை தாளத்தை விடவில்லை. சோறு ஆறுது, உள்ள வா என்று அடுத்த வரியைப் பாடினாள். அதற்கடுத்து நான் சேர வேண்டிய இடம். சேர்ந்தேன். கடைசி வரியை இருவரும் பாடினோம். கிடாரின் ஒலி முழுசாக ஓய்கிற வரை யாரும் அசையவில்லை. அது ஓய்ந்த பிறகுதான் இன்வெர்ட்டர் கூவியது.

அண்ணாச்சி அவசரமாகச் சேமித்தார். குரல் உடைந்த அந்த இடத்தை மட்டும் நாளைக்கு ஒட்டுப்போட்டுச் சரிபண்ணிவிடலாம், தெரியவே தெரியாது என்றார். அவர் நல்லதற்குத்தான் சொன்னார். அவள் வேண்டாம் என்றாள்.

"இதை இப்படியே வைங்க அண்ணாச்சி. எனக்கு இப்பவே வேணும்."

கூவிக்கொண்டிருந்த இன்வெர்ட்டரை ஒரு கண்ணால் பார்த்தபடியே அவர் கேபிளைச் செருகி அவள் போனுக்கு அந்தப் பாட்டை மாற்றினார். மாறி முடிந்து அரை நிமிஷத்தில் லேப்டாப் அணைந்தது. அறை இருட்டாக இருந்தது. அவள் போன் வெளிச்சம் மட்டும்தான். நான் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அண்ணனுக்கு அனுப்புவாள் என்று நினைத்தேன். அவள் கோயில் பாட்டுக் குழுவின் குரூப்பைத் திறந்தாள். மூன்று வருஷமாக அதில் அவள் எழுதியது எல்லாம் ‘வாரேன்’, ‘வரலை’ இவ்வளவுதான். பாட்டை முழுசாக அதில் சேர்த்தாள். ஏளா, யோசிச்சுக்கோ என்று சொல்ல வாயெடுத்தேன், நல்லவேளை சொல்லவில்லை. கீழே ஒரு வரி டைப் பண்ணினாள்.

‘மூணாவது நிமிசத்துல என் குரல் உடையும். முழுசாக் கேளுங்க.’

அனுப்பிவிட்டாள்.